குழல் மாற்றும் துப்பாக்கியும் ஒரு வேட்டைக் குடும்பத்தின் கணக்கும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிடறேன். இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது நமக்குப் பழைய கதை. அதனால் இந்தக் குறிப்பு நம்ம ஊருக்கானது இல்லை. மான் வேட்டை இன்றும் சட்டப்படி, லைசென்ஸ் வாங்கி, சீசன் பார்த்து நடக்கிற அமெரிக்காவைப் பற்றியது. நடுநடுவே ஜெர்மனியும் வரும். எனக்கு இதில் ஆர்வம் வந்தது வேட்டையால் இல்லை. ஒரு ஸ்டாண்டர்ட் எப்படி உருவாகிறது, எப்படிச் சாகாமல் நூறு வருஷம் தாண்டி வாழ்கிறது என்று தேடிக்கொண்டு போனபோது, ஒரு தோட்டாவின் அடிப்பக்க விட்டத்தில் வந்து நின்றேன். அந்த விட்டம் 12 மில்லிமீட்டர். மீதியெல்லாம் அதிலிருந்து கிளம்பியதுதான்.

கேள்வியை இப்படி வச்சுக்குவோம். கொலராடோவில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, 16 வயசுப் பொண்ணு, 12 வயசுப் பையன். அந்த மாநிலத்தில் 12 வயசிலிருந்து பெரிய விலங்குகளை வேட்டையாட அனுமதி உண்டு, வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். அவர்கள் தேடிப்போவது இரண்டு விலங்கு: சுமார் 100 கிலோ வரும் மியூல் மான், 300 கிலோவைத் தாண்டும் ஆண் எல்க். நாலு பேருக்கும் நாலு உடம்பு, நாலு பலம். ஆளுக்கு ஒரு துப்பாக்கி, விலங்குக்கு ஒரு துப்பாக்கி என்று வாங்கிக்கொண்டே போகலாம். அல்லது ஒரே துப்பாக்கியில் குழலை மட்டும் கழற்றி மாற்றுகிற ‘ஸ்விட்ச் பேரல்’ முறைக்குப் போகலாம். எது சரி?

12 மில்லிமீட்டரின் கதை

ஒரு தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. கூட்டின் அடிப்பக்கத்தில் ஒரு விளிம்பு இருக்கும். துப்பாக்கியின் போல்ட் அந்த விளிம்பைத்தான் பிடித்து உள்ளே தள்ளும், சுட்ட பிறகு வெளியே இழுக்கும். ஆக, விளிம்பின் அளவும் போல்ட்டின் முகமும் பொருந்த வேண்டும். புரோகிராமர்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால், அதுதான் இன்டர்ஃபேஸ்.

ஜெர்மன் ராணுவம் 1888-இல் ஒரு தோட்டாவை ஏற்றுக்கொண்டது. அதன் விளிம்பு கிட்டத்தட்ட 12 மிமீ. மவுசர் நிறுவனம் அதே அடிப்பக்கத்தை வைத்து 7×57 தோட்டாவைச் செய்தது. அமெரிக்க ராணுவத்தின் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 1906-இல் வந்தபோதும் அதே 12 மிமீ. வின்செஸ்டர் 1952-இல் கொண்டுவந்த .308, அதே அடிப்பக்கத்தோடு நீளம் குறைந்த கூடு. 2007-இல் ஹார்னடி கொண்டுவந்த 6.5 கிரீட்மோர், அதுவும் அதே. பிஸ்மார்க் காலத்து ஒரு அளவு, ஐஃபோன் வந்த வருஷத்திலும் புதுசாக ஒரு தோட்டாவுக்கு அடித்தளமாகப் போகிறது! காரணம் சுலபம். உலகம் முழுக்க அந்த விளிம்புக்குத்தான் போல்ட் செய்யும் தொழிற்சாலைகள் இருந்தன.

இந்தக் குடும்பத்தில் இரண்டு கிளை உண்டு. .30-06 கிளை நீளமானது: கூடு 63 மிமீ. .270 வின்செஸ்டர் (1925), .280 ரெமிங்டன் (1957), .25-06 ரெமிங்டன் (1969) எல்லாம் அதன் வாரிசுகள். .308 கிளை குட்டையானது: கூடு 51 மிமீ. .243 வின்செஸ்டர் (1955), 7மிமீ-08 ரெமிங்டன் (1980), .260 ரெமிங்டன் (1997) ஆகியவை அதே கூட்டின் கழுத்தை மட்டும் சுருக்கிச் செய்தவை. குட்டைக் கிளைக்கு ‘ஷார்ட் ஆக்‌ஷன்’, நீளக் கிளைக்கு ‘லாங் ஆக்‌ஷன்’ துப்பாக்கி வேண்டும்.

இதற்கு வெளியே இரண்டு அளவு முக்கியம். .223 ரெமிங்டன் போன்ற சின்னத் தோட்டாக்களின் விளிம்பு 9.6 மிமீ. 7மிமீ ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரியவற்றுக்கு 13.5 மிமீ. இந்த மூன்றுக்கும் நடுவே தாவினால் குழல் மட்டும் மாற்றினால் போதாது, போல்ட்டையோ போல்ட்டின் தலையையோ சேர்த்து மாற்ற வேண்டும்.

பெயர்களில் மட்டும் லாஜிக் தேடாதீங்க. .30-06-இல் 06 என்பது வருஷம். .30-30-இல் இரண்டாவது 30 என்பது மருந்தின் எடை, கிரெய்ன் கணக்கில். 7மிமீ-08-இல் 08 என்பது தாய்த் தோட்டாவான .308-இன் வால். .270-இன் குண்டு 0.277 அங்குலம், .260-இன் குண்டு 0.264 அங்குலம். யாரும் ஒரு நேமிங் கன்வென்ஷன் போடாமல் நூறு வருஷம் ஓடினால் இப்படித்தான் ஆகும்.

உதையின் கணக்கு

வேட்டைக்காரர்கள் தோட்டாவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் குண்டின் வேகம், ஆற்றல் என்றே போகும். ஆனால் குடும்பம் என்று வந்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது துப்பாக்கியின் உதை. ஏன்னா, உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்துகிற அந்தக் கணத்தில் கண்ணை மூடிக்கொள்வார், தோளைச் சுருக்குவார். குண்டு நெஞ்சுக்குப் பதிலாக வயிற்றில் போகும். மான் சாகாமல் ஓடி, புதருக்குள் கிடந்து, பல மணி நேரம் துடித்துச் சாகும். வேட்டை ஒழுக்கம் என்று அவர்கள் சொல்வதில் முதல் விதி, விலங்கைத் துடிக்க விடக்கூடாது என்பதுதான். அதனால் உதை என்பது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை.

உதையைக் கணக்குப் போட பள்ளிக்கூட இயற்பியல் போதும். உந்தம் மாறாது. குண்டின் உந்தத்தோடு, வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் கூட்டி, துப்பாக்கியின் எடையால் வகுத்தால் துப்பாக்கி பின்னால் வரும் வேகம் கிடைக்கும். அதிலிருந்து ஆற்றல். வாயுவின் வேகம் விநாடிக்கு 1220 மீட்டர், துப்பாக்கியின் எடை 3.4 கிலோ என்று வைத்து, வழக்கமான குண்டு, மருந்து எடைகளோடு நான் போட்ட தோராயக் கணக்கு இது:

- .243 வின்செஸ்டர், 6.5 கிராம் குண்டு: உதை 12 ஜூல், குண்டின் ஆற்றல் 2640 ஜூல்
- 6.5 கிரீட்மோர், 9.3 கிராம்: உதை 18 ஜூல், குண்டு 3140 ஜூல்
- 7மிமீ-08, 9.1 கிராம்: உதை 18 ஜூல், குண்டு 3300 ஜூல்
- .308 வின்செஸ்டர், 9.7 கிராம்: உதை 21 ஜூல், குண்டு 3590 ஜூல்
- .30-06, 11.7 கிராம்: உதை 29 ஜூல், குண்டு 3950 ஜூல்
- .300 வின்செஸ்டர் மேக்னம், 11.7 கிராம்: உதை 39 ஜூல், குண்டு 4740 ஜூல்

இரண்டு கோடியையும் பாருங்க. .243-இலிருந்து .300 மேக்னத்துக்குப் போனால் குண்டின் ஆற்றல் 1.8 மடங்குதான் கூடுகிறது, உதை மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. உந்தத்தின் வர்க்கம் வேலை செய்கிற இடம் அது.

இன்னொரு விஷயம் இந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைகளுக்கு என்று விற்கிற துப்பாக்கிகளைத் தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எடை குறைத்துச் செய்வார்கள். 2.7 கிலோ துப்பாக்கியில் அதே .308-ஐச் சுட்டால் உதை 26 ஜூல். அப்பா 3.4 கிலோ துப்பாக்கியில் சுடும் .30-06-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அதுவும் 12 வயசுத் தோளில். அன்பாக வாங்கிக் கொடுத்த சின்னத் துப்பாக்கிதான் அந்தப் பையனைப் பயமுறுத்தும். .243 என்றால் அதே 2.7 கிலோவில் 15 ஜூல், தாங்கலாம். கட்டையின் நீளமும் கைக்குப் பொருந்த வேண்டும். நீளமான கட்டையை வைத்துக்கொண்டு பிள்ளை உடம்பைப் பின்னால் வளைத்து நின்றால், சின்ன உதையும் பெரிதாகத் தெரியும். சத்தமும் சேர்ந்தது, 150 டெசிபலைத் தாண்டும் வெடிச்சத்தம் காதுக் கவசம் இல்லாமல் கேட்டால், உதை பாதி, சத்தம் பாதி என்று பயம் ஒட்டிக்கொள்ளும்.

கீழ் எல்லையைச் சட்டம் போடுகிறது

உதை குறைய வேண்டும் என்று ஒரேயடியாகக் கீழே போகவும் முடியாது. கொலராடோவில் பெரிய விலங்குக்குக் குண்டின் விட்டம் குறைந்தது 0.24 அங்குலம், மானுக்குக் குண்டின் எடை குறைந்தது 70 கிரெய்ன் (4.5 கிராம்), எல்க்குக்கு 85 கிரெய்ன் (5.5 கிராம்), 100 கஜத்தில் ஆற்றல் 1000 அடி-பவுண்டு, அதாவது சுமார் 1360 ஜூல் இருக்க வேண்டும். .243 இந்தக் கோட்டைச் சரியாக ஒட்டி நிற்கிறது. ஜெர்மனியில் ரோ மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல். அதைவிடப் பெரிய மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் 6.5 மிமீ விட்டமும் 2000 ஜூலும். அங்கே .243 பெரிய விலங்குக்கு ஆகாது.

கொலராடோ சட்டப்படி எல்க்குக்கு .243 செல்லும். ஆனால் 300 கிலோ விலங்கில் தோள் எலும்பைத் தாண்டிப் போக, கனமான குண்டு கொஞ்சம் தவறுக்கு இடம் கொடுக்கும். புதிதாகச் சுடுகிறவர்களுக்குத்தான் அந்த இடம் தேவை. முரண்பாடு இங்கேதான் இருக்கிறது: அனுபவம் குறைந்தவருக்குக் கனமான குண்டு நல்லது, ஆனால் கனமான உதை அவரைக் கெடுக்கும். இதற்கு நடுவில் உட்கார்ந்திருப்பவை 7மிமீ-08, 6.5 கிரீட்மோர் இரண்டும்.

குழலை எப்படி மாற்றுகிறார்கள்

குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழிக்குச் சேம்பர் என்று பெயர். போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பரில் தோட்டாவின் தோள் முட்டி நிற்கும் இடம் வரை உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். .308-க்கு அது 1.630 அங்குலத்திலிருந்து 1.640 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இடைவெளி 0.25 மிமீ மட்டுமே. குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு பின்னால் நீண்டு, அடிப்பக்கத்துக்கு மேலே கிழியும். உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை. கார் டயரில் 32 பவுண்டு. அதன் இரண்டாயிரம் மடங்குக்குப் பக்கம். அது கிழிசல் வழியாக வெளியே வந்தால், வரும் இடம் சுடுகிறவரின் முகத்துக்குப் பக்கத்தில்.

அதனால் குழல் மாற்றும் முறைகளை எல்லாம் ஒரே கேள்வியால் பிரிக்கலாம்: ஹெட்ஸ்பேஸுக்கு யார் பொறுப்பு?

முதல் முறை, மவுசர் 98, ரெமிங்டன் 700 வகை. ரிசீவருக்குள் குழலைத் திருகி, முட்டும்வரை இறுக்குவது. ஒவ்வொரு குழலுக்கும் துப்பாக்கி மெக்கானிக் ஒருமுறை அளந்து சேம்பர் வெட்டிக் கொடுத்துவிடுவார். பொறுப்பு அவருடையது. ஆனால் மாற்ற வைஸும் பெரிய ஸ்பானரும் வேண்டும். காட்டில் செய்கிற வேலை இல்லை.

இரண்டாவது, 1958-இல் வந்த சாவேஜ் 110 வகை. குழலில் ஒரு பெரிய நட் உண்டு. அளவுக்கட்டையை உள்ளே வைத்து, குழலைத் திருகி, சரியான இடத்தில் நட்டை இறுக்கினால் முடிந்தது. வீட்டிலேயே செய்யலாம் என்பதால் அமெரிக்காவில் இதற்கு ஏகப்பட்ட ரசிகர்கள். ஆனால் செலவு மிச்சமாகும்போது பொறுப்பும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. மூடக்கூடாத அளவுக்கட்டைக்கு போல்ட் மூடுகிறதா என்று பார்க்காமல் சுடுவது, டெஸ்ட் ஓடாமல் புரொடக்‌ஷனுக்குத் தள்ளுவது மாதிரி இல்லை. அதைவிட மோசம். இங்கே ரோல்பேக் கிடையாது.

மூன்றாவது, ஜெர்மனியின் பிளாசர். ஆர்93 மாடல் 1993-இல் வந்தது, ஆர்8 2008-இல். இவர்கள் டிசைனையே திருப்பிப் போட்டார்கள். போல்ட் ரிசீவரில் பூட்டாமல் நேரடியாகக் குழலுக்குள் பூட்டிக்கொள்ளும். ஹெட்ஸ்பேஸ் என்பது போல்ட் தலைக்கும் குழலுக்கும் இடையில் மட்டும் நடக்கிற விவகாரம், தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு சாவியால் இரண்டு திருகைத் தளர்த்தினால் குழல் கையில் வந்துவிடும். தொலைநோக்கியும் குழலின் மேலேயே உட்காருவதால், ஒவ்வொரு குழலும் தன் குறியைத் தன்னோடு வைத்திருக்கும். முதல் இரண்டு முறையிலும் தொலைநோக்கி ரிசீவர் மேல். குழல் மாறினால் மறுபடி தோட்டா செலவழித்துக் குறி சரிபார்க்காமல் காட்டுக்குப் போகக் கூடாது.

சட்டத்திலும் ஒரு வித்தியாசம். அமெரிக்காவில் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ரிசீவர்தான் ‘துப்பாக்கி’. குழல் வெறும் உதிரிப்பாகம். ஜெர்மனியில் குழலும் முக்கிய பாகம், அதுவும் பதிவில் ஏற வேண்டும்.

பொருந்துவதுதான் ஆபத்து

இப்போ .308 கிளைக்கு வருவோம். .243, .260, 7மிமீ-08, .308 நாலும் ஒரே கூடு, ஒரே விளிம்பு, ஒரே ஹெட்ஸ்பேஸ் அளவு, ஒரே மேகசின். குடும்பத்துக்கு இதைவிட அழகான செட் கிடையாது என்று தோன்றும். பையனுக்கு .243 குழல், அம்மாவுக்கு 7மிமீ-08, அப்பாவுக்கு .308, ஒரே துப்பாக்கி.

சிக்கல் அந்த அழகிலேயே இருக்கிறது. பெரிய வாயுள்ள தோட்டா சின்னச் சேம்பருக்குள் போகாது. ஆனால் சின்னது பெரியதற்குள் போகும். .308 குழல் மாட்டிய துப்பாக்கியில் ஒரு .243 தோட்டாவைப் போட்டால் போல்ட் சாதாரணமாக மூடும், விசை வேலை செய்யும், வெடிக்கும். குண்டு குழலின் புரியைப் பிடிக்காமல் தள்ளாடி வெளியே போகும், கூட்டின் கழுத்து பிளக்கும், வாயு ஒழுகும். இன்டர்ஃபேஸ் ஒன்று, டைப் வேறு. எரர் எதுவும் வராது.

இதைவிடக் கொடிய உதாரணம் .300 பிளாக்அவுட். .223-இன் 45 மிமீ கூட்டை 35 மிமீ ஆக வெட்டி, 0.308 அங்குலக் குண்டைச் செருகியது. போல்ட் ஒன்று, மேகசின் ஒன்று, குழல் மட்டும் வேறு. அதற்காகவேதான் அதை வடிவமைத்தார்கள். ஆனால் சில குண்டு வடிவங்களில் இந்தத் தோட்டா .223 சேம்பருக்குள்ளும் அடங்கிப் போல்ட் மூடிவிடுகிறது. 0.308 குண்டு 0.224 துளைக்குள் போக முடியாமல் அடைத்துக்கொள்ள, துப்பாக்கி வெடித்துச் சிதறுகிறது. இப்படிச் சிதறிய துப்பாக்கிகள் பல. அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் தரநிலை அமைப்பான சாமி, எந்தச் சேம்பரில் எந்தத் தோட்டாவைப் போடக் கூடாது என்று ஒரு நீளமான பட்டியலே வைத்திருக்கிறது.

இருட்டு பிரியாத காலையில், குளிரில் விறைத்த கையோடு, ஒரே ஜாக்கெட் பாக்கெட்டில் இரண்டு வகைத் தோட்டா கிடக்கும்போது, அதைப் பிரிக்க இருப்பது அடிப்பக்கத்தில் பொறித்த சின்ன எழுத்து ஒன்றுதான்.

அப்போ அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்

ஒன்று. குழல் மாற்றும் துப்பாக்கி எத்தனை குழல் வைத்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். நாலு பேரும் ஒரே சீசனில், ஒரே வாரத்தில் காட்டுக்குப் போவதாக இருந்தால் அது தீர்வே இல்லை.

இரண்டு. ஒரே நாளில் சேர்ந்து போகிறவர்களுக்கு ஒரே தோட்டா. பெரியவர்கள் மூவருக்கும் 7மிமீ-08 அல்லது 6.5 கிரீட்மோர் என்று முடிவு செய்துவிட்டால் யார் பாக்கெட்டில் யார் தோட்டா இருந்தாலும் கவலையில்லை. மானுக்கும் போதும், நியாயமான தூரத்தில், நல்ல குண்டோடு எல்க்குக்கும் போதும். ஆளுக்கு ஆள் மாற வேண்டியது கட்டையின் நீளமும் எடையும்தான்.

மூன்று. குழல் மாற்றுவதை ஆட்களுக்கு நடுவே செய்யாமல், வருஷங்களுக்கு நடுவே செய்யலாம். பையன் 12 வயசில் .243 குழலோடு ஆரம்பிக்கட்டும், மானோடு நிறுத்திக்கொள்ளட்டும். 16 வயசில் தோள் அகன்றதும் மெக்கானிக்கிடம் கொடுத்து அதே ரிசீவரில் 7மிமீ-08 குழல். விசையின் இழுவையும் போல்ட்டின் ஓட்டமும் கைக்குப் பழகியதாகவே இருக்கும். பழைய குழலும் அந்த .243 தோட்டாப் பெட்டியும் ஒன்றாகவே வீட்டை விட்டுப் போகட்டும், அடுத்த பிள்ளைக்கு. அதுவரை, அந்த .243 தோட்டாக்கள் பையன் பையில் மட்டும்தான்.

நான்கு. இதையும் மீறி இரண்டு குழலை மாறி மாறிப் பயன்படுத்துவதாக இருந்தால் குழலுக்கும் தோட்டாப் பெட்டிக்கும் ஒரே நிற டேப் ஒட்டுவது, ஒரு நாளைக்கு ஒரு வகை மட்டும் வீட்டை விட்டு வெளியே எடுப்பது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அளவுக்கட்டை, பிறகு குறி, பிறகுதான் காடு.

தோட்டா வடிவமைப்பாளர்கள் நூறு வருஷமாக எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும் என்று உழைத்திருக்கிறார்கள். அது தொழிற்சாலைக்கு லாபம். ஒரு குடும்பத்துக்கு வேண்டியது அது இல்லை. தவறானது உள்ளே போகாத ஏற்பாடுதான். அந்த ஏற்பாடு தோட்டாவின் வடிவத்தில் இல்லாதபோது, வீட்டின் பழக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த குறிப்பில், குழலுக்குள் இருக்கும் புரியின் வேகம் ஏன் குண்டின் நீளத்தைப் பொறுத்து மாறுகிறது என்று பார்க்கலாம். 6.5 கிரீட்மோர் இவ்வளவு புகழ் பெற்றதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.